கருப்பை உள்வரிச் செல்களுக்கு ஈஸ்ட்ராடயாலும் புரோஜெஸ்டிரோனும் கொடுத்துச் சோதிப்பது எப்படி

எண்டோமெட்ரியம் எனப்படும் கருப்பை உள்வரியிலிருந்து செல்களைப் பிரித்து, ஸ்டீராய்டு ஹார்மோன் கொடுத்து, என்ன மாறுகிறது என்று அளப்பது கைப்பழக்கம் வந்துவிட்டால் சிரமமில்லாத வேலை. ஆனால் சத்தமில்லாமல் கெட்டுப்போகும் வேலையும் இதுதான். செல்கள் நன்றாக வளரும், கருவி எண்களைத் தரும், வரைபடமும் அழகாக வரும். விடை மட்டும் தவறாக இருக்கும். நாம் ஊற்றிய ஹார்மோனை எல்லோரும் சரிபார்க்கிறோம். நாம் ஊற்றாமலே தட்டில் இருக்கும் ஹார்மோனைத்தான் கவனிக்கத் தவறுகிறோம். அது சீரத்தில் இருக்கிறது, ஊடகத்தின் சிவப்பு நிறத்தில் இருக்கிறது, துணைக்கலவைப் புட்டியிலும் இருக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அந்த மறைந்த ஹார்மோனைத் துரத்துவதுதான் பாதி வேலை.

செல் வளர்ப்பில் அடிப்படைப் பழக்கம் உள்ள ஆய்வு மாணவர்களை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது.

முதலில், உடலில் நடக்கும் வரிசை

மாதச் சுழற்சியின் முன்பாதியில் சினைப்பை ஈஸ்ட்ராடயாலைச் சுரக்கிறது. உள்வரியின் மேற்பரப்பிலும் சுரப்பிகளிலும் உள்ள எபிதீலியச் செல்களிலும், அவற்றுக்கு அடியில் உள்ள ஸ்ட்ரோமா செல்களிலும், ஹார்மோனைப் பற்றும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா அதைப் பற்றிக்கொள்கிறது. கருப்பைத் திசு ஈஸ்ட்ராடயாலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதைக் கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய ஹார்மோனைக் கொண்டு எல்வுட் ஜென்சன் 1950-களின் இறுதியில் சிகாகோவில் காட்டினார். ஹார்மோன் ஏற்பி என்ற கருத்துக்கே அதுதான் அடித்தளம். ஈஸ்ட்ராடயால் செய்யும் வேலைகளில் நமக்கு முக்கியமானது ஒன்று: அது புரோஜெஸ்டிரோன் ஏற்பியை உண்டாக்குகிறது. ஈஸ்ட்ரோஜன் முன்னே போய்க் கதவைத் திறக்காவிட்டால் புரோஜெஸ்டிரோனுக்கு நுழைய வழியில்லை.

முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் ஏறுகிறது. எபிதீலியத்தில் பெருக்கம் நிற்கிறது, சுரப்பிகள் சுரக்கத் தொடங்குகின்றன, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் அங்கே குறைகின்றன. ஸ்ட்ரோமாவிலோ புரோஜெஸ்டிரோன் ஏற்பி நீடிக்கிறது. அங்கே நூற்கதிர் வடிவச் செல்கள் பருத்து, புரோலாக்டினும் ஐ.ஜி.எஃப்.பி.பி.-1 என்ற புரதமும் சுரக்கும் டெசிடுவா செல்களாக மாறுகின்றன. மனிதரில் இந்த மாற்றம் கரு வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு சுழற்சியிலும் தொடங்கிவிடும். எலிக்குக் கருவோ செயற்கைத் தூண்டலோ வேண்டும். எலியில் கிடைத்த முடிவை அப்படியே மனிதச் செல்லுக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

இன்னொரு பங்காளி உண்டு: செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏ.எம்.பி. உடலில் புரோஸ்டகிளாண்டின் ஈ2, ரிலாக்சின் போன்றவை அதை ஏற்றுகின்றன. வளர்ப்புத் தட்டில் இவை போதிய அளவில் இல்லாததால், புரோஜெஸ்டிரோனை மட்டும் கொடுத்தால் ஸ்ட்ரோமா செல் மிக மெதுவாகத்தான் அசைகிறது. எட்டுப் பத்து நாள் ஆகலாம். சைக்ளிக் ஏ.எம்.பி. மட்டும் கொடுத்தால் சட்டென்று எழும்பும், ஆனால் நிலைக்காது. இரண்டும் சேர்ந்தால்தான் வலுவாகவும் நீடித்தும் பதில் வரும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. இரத்தத்தில் ஈஸ்ட்ராடயாலின் உச்சம் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 200 முதல் 400 பிகோகிராம். அதாவது 1 நானோமோலாரை ஒட்டி. புரோஜெஸ்டிரோன் பின்பாதியில் 10 முதல் 20 நானோகிராம். அதாவது 30 முதல் 60 நானோமோலார். தட்டில் நாம் கொடுப்பதோ 10 நானோமோலார் ஈஸ்ட்ராடயாலும் 1 மைக்ரோமோலார் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன், அல்லது அதுபோல் வேலை செய்யும் செயற்கைப் பொருள்). செல்கள் புரோஜெஸ்டிரோனைச் சிதைத்துத் தீர்த்துவிடுவதாலும் பிளாஸ்டிக் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்வதாலும் இந்த மிகை தேவைப்படுகிறது. ஆனாலும் அது மிகைதான். முடிவை எழுதும்போது ‘உடலில் உள்ள அளவு’ என்று எழுதிவிடாதீர்கள்.

திசு

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கொடையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் கையில் இல்லாமல் திசுவைத் தொடக் கூடாது. எல்லாத் திசுவையும் தொற்று உள்ளதாகவே கருதி, இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு அறையில் கையாளுங்கள்.

பைப்பெல் குழாயால் உறிஞ்சி எடுக்கும் பயாப்சி போதும். கடந்த மூன்று மாதத்தில் கருத்தடை மாத்திரை, ஹார்மோன் ஊசி, லெவோநார்ஜெஸ்ட்ரல் கருப்பைச் சாதனம் எதையும் பயன்படுத்தாதவரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சுழற்சியின் எந்த நாள் என்பதை நோயாளி சொல்லும் தேதியோடு விட்டுவிடாமல் திசுவின் தோற்றத்தோடும் ஒப்பிடுங்கள். நாய்ஸ், ஹெர்டிக், ராக் மூவரும் 1950-இல் வகுத்த நாள்கணிப்பு முறையை நோயியல் மருத்துவர்கள் இன்னும் பயன்படுத்துகிறார்கள். முன்பாதித் திசுவை எடுத்தால் அது இன்னும் புரோஜெஸ்டிரோனைப் பார்க்கவில்லை என்பது வசதி. பின்பாதித் திசுவும் உதவும். ஆனால் சில செல்கள் ஏற்கெனவே டெசிடுவா பாதையில் இறங்கியிருக்கலாம். ஒரே ஆய்வில் இரண்டையும் கலக்காதீர்கள்.

திசுவை 10% சீரம் சேர்த்த ஊடகத்தில் போட்டு, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து அன்றே பிரித்துவிடுவது நல்லது.

பிரித்தெடுத்தல்

திசுவை ஒரு பெட்ரித் தட்டில் கொட்டி, சளியையும் இரத்தக் கட்டிகளையும் ஒதுக்குங்கள். இரண்டு கத்திகளை எதிரெதிராக இழுத்து ஐந்து முதல் பத்து நிமிடம் நறுக்குங்கள். துண்டுகள் தெரியாமல் கூழாக வேண்டும். சீரம் சேர்க்காத ஊடகம் 10 மில்லிலிட்டரில், மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் கொலாஜினேஸும் 0.1 மில்லிகிராம் டி.என்.ஏஸும் கலந்து, அதில் கூழைப் போட்டு 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து அரை நிமிடம் பலமாகக் குலுக்க வேண்டும்.

டி.என்.ஏஸை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். நறுக்கும்போது உடைந்த செல்களின் டி.என்.ஏ வெளியே வந்து கஞ்சிபோல் இழுபடும். நல்ல செல்கள் அதில் சிக்கிக்கொள்ளும். பிப்பெட் முனையிலிருந்து நூல்போல் தொங்கினால் டி.என்.ஏஸ் போதவில்லை என்று அர்த்தம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போகவும் வேண்டாம். கொலாஜினேஸ் ஸ்ட்ரோமாவைத் தனித்தனிச் செல்லாக்கும், சுரப்பிகளை முழுக் குழாய்களாக விட்டுவைக்கும். நேரம் கூடினால் சுரப்பிகளும் உடைந்து எபிதீலியச் செல்கள் வடிகட்டியில் இறங்கிவிடும். அப்புறம் இரண்டு வகையையும் பிரிக்க எளிய வழி கிடையாது. நடுவில் ஒரு துளியை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்: வளைந்த குழாய்களும் குட்டிக் கிளைகளும் முழுசாகத் தெரிய, சுற்றிலும் ஒற்றைச் செல்கள் மிதந்தால் அதுதான் நிறுத்த வேண்டிய தருணம்.

சீரம் உள்ள ஊடகம் 10 மில்லிலிட்டர் ஊற்றி நொதியை நிறுத்தி, 40 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் ஊற்றுங்கள். கீழே இறங்குவது ஸ்ட்ரோமா. மேலே தங்குவது சுரப்பிகள். வடிகட்டியைக் கவிழ்த்து ஊடகத்தால் அலசினால் சுரப்பிகள் தனியே கிடைக்கும். அவற்றைத் தூக்கி எறியாதீர்கள், பின்னால் தேவைப்படும். ஸ்ட்ரோமாவை 300 ஜி வேகத்தில் 5 நிமிடம் சுழற்றி, 75 சதுர சென்டிமீட்டர் ஃபிளாஸ்கில் இடுங்கள். ஸ்ட்ரோமா செல்கள் சில மணி நேரத்தில் ஒட்டிவிடும்; ஒற்றை எபிதீலியச் செல்களும் இரத்தச் செல்களும் அவ்வளவு சீக்கிரம் ஒட்டாது. மறுநாள் காலை பழைய ஊடகத்தை வீசிவிட்டு நன்றாக அலசினால் பாதிச் சுத்திகரிப்பு முடிந்தது. தட்டு நிரம்ப ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும்.

முதல் பாசேஜில் தூய்மையைச் சரிபாருங்கள். ஸ்ட்ரோமாவின் அடையாளப் புரதங்களான வைமென்டினும் சி.டி.10-உம் இருக்க வேண்டும்; எபிதீலியம், வெள்ளணு, இரத்தநாளச் செல் ஆகியவற்றின் அடையாளங்களான சைட்டோகெரட்டின், சி.டி.45, சி.டி.31 இருக்கக் கூடாது. 95 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அந்தத் தொகுதியை ஹார்மோன் பரிசோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம். மைக்கோபிளாஸ்மா சோதனையையும் அப்போதே செய்துவிடுங்கள்.

ஊடகம்: மறைந்த ஹார்மோன் இருக்கும் இடம்

டி.எம்.இ.எம்./எஃப்-12 ஊடகத்தை ஃபீனால் ரெட் இல்லாததாக வாங்குங்கள். சிவப்பு நிறம் தரும் இந்தச் சாயத் தயாரிப்பு ஈஸ்ட்ரோஜன்போல் வேலை செய்வதை 1986-இலேயே மார்பகப் புற்றுச் செல்களில் காட்டிவிட்டார்கள். நிறம் இல்லாததால் கார அமிலத் தன்மை கண்ணுக்குத் தெரியாது. அதனால் இன்குபேட்டரின் கார்பன் டை ஆக்சைடு 5 விழுக்காட்டில் நிற்கிறதா என்று கருவியால் அளந்துகொள்ளுங்கள்.

கன்றுக் கருச் சீரத்தில் ஈஸ்ட்ராடயால், புரோஜெஸ்டிரோன், கார்ட்டிசால் எல்லாமே இயல்பாக உண்டு. டெக்ஸ்ட்ரான் பூசிய கரித்தூளால் அவற்றை உறிஞ்சி எடுத்த சீரத்தை விலைக்கு வாங்கலாம், நீங்களே செய்யவும் செய்யலாம். 500 மில்லிலிட்டர் சீரத்துக்கு 1.25 கிராம் கரித்தூள், 125 மில்லிகிராம் டெக்ஸ்ட்ரான். 57 டிகிரியில் 2 மணி நேரம் கலக்கி, 400 ஜி வேகத்தில் 30 நிமிடம் சுழற்றி, மேலே தெளிந்ததை 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் இறக்குங்கள். கரித்தூள் நுண்வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். ஆகவே முதலில் பெரிய துளை வடிகட்டி ஒன்றில் இறக்குவது நல்லது. கரி ஹார்மோனை மட்டும் எடுப்பதில்லை. சில வைட்டமின்களையும் கொழுப்பு சார்ந்த பொருள்களையும் சேர்த்தே எடுத்துவிடும். அதனால் செல்கள் கொஞ்சம் மெதுவாக வளர்ந்தால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு தயாரிப்புக்கும் எண் கொடுத்து, ஒரு பரிசோதனை முழுவதையும் ஒரே எண்ணில் முடியுங்கள்.

வளர்க்கும்போது: 10% கரி-சீரம், 2 மில்லிமோலார் குளூட்டமின், 1 நானோமோலார் ஈஸ்ட்ராடயால், மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் இன்சுலின், நுண்ணுயிர் எதிர்ப்பிகள். இந்த 1 நானோமோலார் ஈஸ்ட்ராடயால் சும்மா இல்லை. ஏற்பிகளைத் தக்கவைக்கும் கதவுதிறப்பு வேலை அதனுடையது. ஹார்மோன் கொடுக்கும்போது சீரத்தை 2 விழுக்காட்டுக்குக் குறைத்து, இன்சுலினையும் ஈஸ்ட்ராடயாலையும் எடுத்துவிடுங்கள். ஹார்மோன் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க இந்தக் குறைந்த ஊடகத்திலேயே செல்களை விட்டுவைக்க வேண்டும்.

ஸ்டாக் தயாரித்தல்

ஸ்டீராய்டுகள் நீரில் கரையாது. தூய எத்தனாலில் கரையுங்கள். கண்ணாடிக் குப்பியில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். மூடி தளர்ந்தால் எத்தனால் பறந்து ஸ்டாக் செறிவேறிவிடும். குப்பியின் மேல் மட்டத்தைப் பேனாவால் கோடிட்டு வைத்தால் ஒரே பார்வையில் தெரியும்.

எந்த புரோஜெஸ்டினைத் தேர்ந்தெடுப்பது? இயற்கைப் புரோஜெஸ்டிரோன்தான் உடலில் உள்ளது, ஆனால் செல்கள் அதை வேகமாகச் சிதைக்கும்; தினமும் ஊடகம் மாற்ற வேண்டியிருக்கும். மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் அசிட்டேட், சுருக்கமாக எம்.பி.ஏ., நிலையானது, பெரும்பாலோர் அதையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் எம்.பி.ஏ. குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியிலும் ஒட்டும், ஆண்ட்ரோஜன் ஏற்பியிலும் ஒட்டும். ஸ்ட்ரோமா செல்லில் இவை இரண்டுமே இருக்கின்றன. முக்கியமான முடிவு எதையும் எம்.பி.ஏ.வோடு மட்டும் நிறுத்தாமல், ஒருமுறையாவது இயற்கைப் புரோஜெஸ்டிரோனைக் கொண்டு உறுதிசெய்யுங்கள்.

எம்.பி.ஏ. 3.87 மில்லிகிராமை 10 மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்தால் 1 மில்லிமோலார். ஈஸ்ட்ராடயால் 2.72 மில்லிகிராமை 1 மில்லிலிட்டரில் கரைத்தால் 10 மில்லிமோலார். பின்னதில் 10 மைக்ரோலிட்டரை முன்னதில் விட்டுவிடுங்கள். இப்போது ஒரே குப்பியில் இரண்டும் இருக்கின்றன: ஊடகத்தின் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் 1 மைக்ரோலிட்டர் விட்டால் 1 மைக்ரோமோலார் எம்.பி.ஏ., 10 நானோமோலார் ஈஸ்ட்ராடயால், 0.1% எத்தனால். இரண்டு ஸ்டாக்கைத் தனித்தனியே விட்டு எத்தனாலை இரட்டிப்பாக்கும் தவறு இதில் வராது. புரோஜெஸ்டிரோன் என்றால் 10 மில்லிலிட்டருக்கு 3.14 மில்லிகிராம். எட்டாம் இடத்தில் புரோமின் ஏற்றிய சைக்ளிக் ஏ.எம்.பி.யின் சோடிய உப்பை மில்லிலிட்டர் நீரில் 21.5 மில்லிகிராம் கரைத்தால் 50 மில்லிமோலார்; அதைச் சிறு பங்குகளாக உறையவைத்து, ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்காமல் பயன்படுத்துங்கள்.

கொடுத்தல்

ஆறு குழித் தட்டில் குழிக்கு இரண்டு முதல் மூன்று லட்சம் செல்கள். தட்டு நிரம்பும்வரை காத்திருங்கள். இடைவெளி இருந்தால் செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும். பெருகும் செல் டெசிடுவாவாக எளிதில் மாறாது. மூன்று குழிக்குத் தலா 2 மில்லிலிட்டர் என்றால் 7 மில்லிலிட்டர் கலந்துகொள்ளுங்கள்: ஸ்டீராய்டுக் கலவை 7 மைக்ரோலிட்டர், சைக்ளிக் ஏ.எம்.பி. ஸ்டாக் 70 மைக்ரோலிட்டர். இறுதி அளவு 0.5 மில்லிமோலார். மற்ற மூன்று குழிக்கும் அதே 7 மில்லிலிட்டர், 7 மைக்ரோலிட்டர் வெறும் எத்தனால், 70 மைக்ரோலிட்டர் நீர். ஒப்பீட்டுக் குழியில் ஒன்றுமே விடாமல் இருப்பது பிழை. எத்தனாலுக்கே செல்கள் பதில் சொல்லக்கூடும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை புதிதாகக் கலந்து மாற்றுங்கள். மொத்தம் எட்டு நாள். 2, 4, 8 ஆகிய நாள்களில் மாதிரி எடுங்கள்.

நான்காம் நாள் மைக்ரோஸ்கோப்பின் முன் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். ஒப்பீட்டுக் குழியில் செல்கள் மெலிந்து நீண்டு, ஒரே பக்கம் சாய்ந்து, ஆற்று நீர் சுழிப்பதுபோல் வரிசை வரிசையாகப் படுத்திருக்கும். ஹார்மோன் குழியில் அந்த வரிசை குலைந்திருக்கும். செல்கள் அகன்று, பல பக்கங்கள் கொண்ட கற்களைப் பாவியதுபோல் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். கரு உருண்டையாகவும் சைட்டோபிளாசம் மணல் தூவியதுபோலவும் தெரியும். எட்டாம் நாள் இது சந்தேகமின்றித் தெரியும். எல்லாச் செல்லும் மாறாது. மாறாதவை திட்டுத்திட்டாக நிற்பது இயல்பு; அந்த விகிதம் கொடையாளருக்குக் கொடையாளர் வேறுபடும்.

அளத்தல்

ஊடகத்தை மாற்றுவதற்கு முன் 1 மில்லிலிட்டர் எடுத்து, சுழற்றி, உறையவைத்து, எலைசாவில் புரோலாக்டினையும் ஐ.ஜி.எஃப்.பி.பி.-1-ஐயும் அளக்கலாம். எத்தனை மணி நேரம் சேர்ந்த ஊடகம் என்பதையும், அந்தக் குழியின் செல் எண்ணிக்கை அல்லது மொத்தப் புரதத்தையும் குறிக்காமல் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

ஆர்.என்.ஏ அளவில் பி.சி.ஆர். செய்து பார்க்கும்போது பிரைமர்களை, அதாவது மரபணுவைப் பிடிக்கும் சிறு டி.என்.ஏ துண்டுகளை, கவனியுங்கள். டெசிடுவா செல் புரோலாக்டின் மரபணுவைப் பிட்யூட்டரி தொடங்கும் இடத்திலிருந்து தொடங்குவதில்லை. ஏறத்தாழ 6 ஆயிரம் எழுத்துகள் முன்னே தள்ளி வேறொரு தொடக்கத்தைப் பயன்படுத்துகிறது. புரதம் ஒன்றுதான். ஆனால் பிட்யூட்டரிக்கே உரிய தொடக்கப் பகுதியில் பிரைமர் அமைத்தால், செல் முழுக்க மாறியிருந்தாலும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

இன்னொரு பொறி: ஒப்பீட்டுக் குழியில் புரோலாக்டின் இல்லை என்றே சொல்லலாம், பி.சி.ஆரின் சுழற்சி எண் (சைகை தெரிய எத்தனை சுற்றுப் பெருக்கம் தேவைப்பட்டது என்பது) 35-ஐத் தாண்டும். இல்லாத ஒன்றால் வகுத்தால் ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு என்று வரும். அந்த மடங்குக்குப் பொருள் கிடையாது. புள்ளியியலை மடங்கில் செய்யாமல் சுழற்சி எண் வேறுபாட்டில் செய்யுங்கள். கொடையாளர்வாரியாக இணைசேர்த்து ஒப்பிடுங்கள். ஒரு கொடையாளரின் மூன்று குழிகள் மூன்று மாதிரிகள் ஆகாது, அது ஒரே மாதிரிதான். குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்தாறு கொடையாளர்கள் வேண்டும்.

ஏற்பி வழியாகத்தான் நடக்கிறது என்று காட்ட, புரோஜெஸ்டிரோன் ஏற்பியைத் தடுக்கும் மருந்தான மிஃபெப்ரிஸ்டோன் 1 மைக்ரோமோலார் சேர்த்த குழி ஒன்று அவசியம். அதுவும் குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியைத் தடுக்கும் என்பதை மறக்க வேண்டாம். எம்.பி.ஏ. கொடுத்து மிஃபெப்ரிஸ்டோனால் தடுத்தால் இரண்டுக்குமே ஒரே ஓட்டை. வேலை செய்தது எந்த ஏற்பி என்பது தீராது. இங்கேதான் இயற்கைப் புரோஜெஸ்டிரோன் கைகொடுக்கும். புரோஜெஸ்டிரோன் ஏற்பியைச் சிறு குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.வால் குறைத்துப் பார்ப்பது அதைவிடத் தெளிவு.

சுரப்பிச் செல்களுக்கு வேறு வழி

வடிகட்டியில் தங்கிய சுரப்பிகளைத் தட்டையான தட்டில் வளர்த்தால் சில நாளில் ஏற்பிகளை இழந்து சோர்ந்துவிடும். 2017-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டிய ஆர்கனாய்டு முறை (செல்களைப் புரத ஜெல்லுக்குள் முப்பரிமாணமாக வளர்ப்பது) இந்தச் சிக்கலைத் தீர்த்தது. சுரப்பித் துண்டுகளைக் குளிர்ந்த மேட்ரிஜெல்லில் கலந்து, 48 குழித் தட்டில் 20 முதல் 25 மைக்ரோலிட்டர் சொட்டாக வைத்து, 37 டிகிரியில் கால் மணி நேரம் இறுகவிட்டு, 250 மைக்ரோலிட்டர் ஊடகம் ஊற்றுங்கள். ஊடகத்தில் ஈ.ஜி.எஃப்., நாகின், ஆர்-ஸ்பாண்டின்-1, எஃப்.ஜி.எஃப்.-10, எச்.ஜி.எஃப்., ஏ83-01, நிக்கோடினமைடு ஆகியவையும் என்2, பி27 துணைக்கலவைகளும் இருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் உள்ளே வெற்றிடம் கொண்ட உருண்டைகள் எழும்பும்.

ஹார்மோன் வரிசை உடலைப் பின்பற்றுவதே: முதலில் இரண்டு நாள் 10 நானோமோலார் ஈஸ்ட்ராடயால் மட்டும், பிறகு அதோடு 1 மைக்ரோமோலார் புரோஜெஸ்டிரோன், இரண்டு முதல் நான்கு நாள். ஈஸ்ட்ராடயால் கட்டத்தில் புரோஜெஸ்டிரோன் ஏற்பி ஏற வேண்டும்; சிலியா உள்ள செல்கள் தோன்றும். இரண்டாம் கட்டத்தில் கிளைகோடெலின், ஆஸ்டியோபான்டின், ஈஸ்ட்ராடயாலை வலுக்குறைந்த ஈஸ்ட்ரோனாக மாற்றும் 17-பீட்டா எச்.எஸ்.டி. இரண்டாம் வகை நொதி ஆகியவை ஏற வேண்டும்.

இப்போது அந்த என்2 புட்டியின் விவரத்தாளை எடுத்துப் படியுங்கள். இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், புட்ரெசின், செலினைட், ஐந்தாவதாகப் புரோஜெஸ்டிரோன். நூறு மடங்குக் கலவையைச் சொன்னபடி நீர்த்தால் ஊடகத்தில் 20 நானோமோலார் புரோஜெஸ்டிரோன் வந்துவிடும். ஏற்பியை நிரப்பச் சில நானோமோலாரே போதும். நரம்புச் செல்களுக்காக வகுத்த கலவை இது. அங்கே யாரும் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பி27-இலும் புரோஜெஸ்டிரோன் உண்டு, கூடவே கார்ட்டிகோஸ்டிரோனும் உண்டு. ஆக, ‘ஹார்மோன் இல்லை’ என்று நீங்கள் எழுதிவைத்த குழியில் ஹார்மோன் இருக்கிறது. ‘ஈஸ்ட்ராடயால் மட்டும்’ என்ற குழியில் இரண்டும் இருக்கின்றன. என்2-க்குப் பதில் அதன் மற்ற நான்கையும் தனித்தனியே சேர்த்துக்கொள்ளலாம்: இன்சுலின் மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம், டிரான்ஸ்ஃபெரின் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம், புட்ரெசின் 100 மைக்ரோமோலார், செலினைட் 30 நானோமோலார். பி27-ஐ அவ்வளவு எளிதில் பிரித்துச் செய்ய முடியாது. அதற்கு மிஃபெப்ரிஸ்டோன் சேர்த்த ஒப்பீட்டுக் குழி ஒன்றை வைத்து, பின்னணி எவ்வளவு என்று காட்டிவிடுங்கள்.

பதில் வராதபோது

முதலில் பாசேஜ் எண்ணைப் பாருங்கள். ஒன்று முதல் மூன்று வரை நம்பலாம். நான்கு ஐந்தைத் தாண்டினால் ஏற்பிகள் குறைந்து பதில் மங்கும். பழைய செல்லில் ஹார்மோன் அளவைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்ப்பது வீண்.

எல்லாக் குழியிலும், ஒப்பீட்டுக் குழியிலும்கூட, ஐ.ஜி.எஃப்.பி.பி.-1 ஏறியிருந்தால் கரி-சீரத்தைச் சந்தேகியுங்கள். அல்லது பின்பாதித் திசு எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வடிவம் மாறியும் புரோலாக்டின் ஏறவில்லை என்றால் பிரைமர் அல்லது அளந்த நாள். சைக்ளிக் ஏ.எம்.பி.யோடு பதில் வந்து எம்.பி.ஏ. சேர்த்தும் அது கூடாவிட்டால் ஏற்பி இல்லை. வளர்ப்புக் கட்டத்தில் ஈஸ்ட்ராடயால் விட்டுப்போயிருக்கும்.

‘ஈஸ்ட்ராடயால் கொடுத்தேன், செல்கள் பெருகவில்லை’ என்பது அடிக்கடி வரும் கேள்வி. தனியாகப் பிரித்த செல்லில் அது பெருகாமல் இருப்பதில் வியப்பில்லை. எபிதீலியத்தைப் பெருகச் சொல்வது பெரும்பாலும் அடியில் இருக்கும் ஸ்ட்ரோமா. அங்குள்ள ஏற்பி ஈஸ்ட்ராடயாலைப் பற்றி, வளர்ச்சிக் காரணிகளை மேலே அனுப்புகிறது. ஏற்பி உள்ள திசுவையும் இல்லாத திசுவையும் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்த எலிப் பரிசோதனைகள் இதைக் காட்டின. போதாக்குறைக்கு உங்கள் ஊடகத்திலேயே இன்சுலினும் ஈ.ஜி.எஃப்.-உம் இருந்தால், கூடுதலாகச் சொல்ல ஈஸ்ட்ராடயாலுக்கு ஒன்றும் மிச்சமில்லை. பெருக்கத்தை அளப்பதை விட்டுவிட்டு, புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் கிரெப்-1 மரபணுவும் ஏறுகின்றனவா என்று பாருங்கள். அவை ஏறினால் ஹார்மோன் வேலை செய்கிறது.

இஷிகாவா போன்ற செல்வரிசைகளைப் பயன்படுத்துவோர் அது புற்றுநோய்த் திசுவிலிருந்து வந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்பிகள் உள்ளனவா என்பதை உங்கள் கையில் இருக்கும் தொகுதியிலேயே சோதியுங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறிப்போயிருக்கும். செல்வரிசையை டி.என்.ஏ.வால் அடையாளம் காணும் எஸ்.டி.ஆர். சோதனையும் கட்டாயம்.

ஹார்மோனை நிறுத்திப் பார்த்தல்

மாதவிலக்கைத் தொடங்குவது புரோஜெஸ்டிரோனின் வீழ்ச்சி. எட்டாம் நாள் செல்களில் அதையே செய்து பார்க்கலாம். ஊடகத்தை ஒருமுறை மாற்றுவது நிறுத்தல் ஆகாது, எம்.பி.ஏ. கொழுப்பில் கரைவது, செல்லிலும் பிளாஸ்டிக்கிலும் தங்கியிருக்கும். வெதுவெதுப்பான ஊடகத்தால் மூன்று முறை அலசி, கரி-சீர ஊடகத்தில் அரை மணி நேரம் இன்குபேட்டரில் விட்டு, அதையும் வீசிவிட்டுப் புது ஊடகம் ஊற்றுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு குழியில் 1 மைக்ரோமோலார் மிஃபெப்ரிஸ்டோன் சேர்த்து, மிச்சம் தங்கியதையும் முடக்கிவிடுங்கள். ஒரு தொகுதியில் எம்.பி.ஏ.வை மட்டும் எடுத்து சைக்ளிக் ஏ.எம்.பி.யை விட்டுவையுங்கள், இன்னொன்றில் இரண்டையும் எடுங்கள், மூன்றாவதில் இரண்டையும் தொடருங்கள். முதல் தொகுதி இல்லாவிட்டால் மாற்றம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த இரண்டு நாளில் புரோலாக்டின் இறங்குவதையும், புரோஜெஸ்டின் அடக்கிவைத்திருந்த, திசுவின் பிணைப்பை அறுக்கும் நொதிகளான மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்கள் ஏறுவதையும், செல்கள் விளிம்பிலிருந்து கழன்று மிதக்கத் தொடங்குவதையும் காணலாம். மிதக்கும் செல்களை ஊடகத்தோடு கொட்டிவிடாதீர்கள். சுழற்றி எடுத்து எண்ணுங்கள், இறந்தவை பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.